கருத்தே சொல்லாத கருத்து சார்

உலகத்தில் கருத்து இல்லாத மனிதன் கிடையாது. கிரிக்கெட் மட்டையைக் கையில் தொடாதவனுக்குக் கிரிக்கெட்டைப் பற்றியும், தோசையைத் திருப்பிப் போடத் தெரியாதவனுக்குத் தோசையைப் பற்றியும் கருத்து உண்டு. இந்த விதிக்கு அடங்காத ஒரே ஒரு ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கருத்து சார்'.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். வந்த அன்று எல்லாரிடமும் சொல்லவும் சொன்னார். ஆனால், ஊரெல்லாம் சுற்றி மற்றவர்களின் கருத்தைக் கேட்டு எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கும் மனிதரை வேறு என்ன பெயர் சொல்லி அழைப்பது?

அப்போது நான் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன். தங்கியது சுங்குவார்சத்திரத்தில், ஏகாம்பரம் என்கிற உள்ளூர்க்காரர் கட்டிய மூன்று மாடி விடுதியில். சாத்தூர், கோவில்பட்டி, தேனி, திண்டுக்கல் என்று தெற்கத்திப் பையன்களாக அடைத்திருந்தார். விடுதியின் கட்டில்கள் எல்லாம் நட்டு போல்ட்டு போட்டுக் கோத்த இரும்புக் கட்டில்கள். ஒரு ஆள் தும்மினால் மூன்று கட்டில் ஆடும். அதற்காக ஏகாம்பரம் மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறைய நட்டும் போல்ட்டும், கூடவே ஒரு ஸ்பேனரும் வைத்திருந்தார். கட்டில் ஆடினால் அவரவரே முடுக்கிக்கொள்ள வேண்டும். வாடகையில் சேர்ந்த வசதி அது ஒன்றுதான்.

அங்கேதான் ஒரு நாள் கருத்து சார் மொபெட்டில் வந்து இறங்கினார். ஒல்லியான உடம்பு, தோளில் ஜோல்னாப் பை, மூக்கின் நுனியில் கண்ணாடி. மொபெட்டின் பின்னால் நம்பர் பிளேட் லூசாகி எப்போதும் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். அவர் ஹைவேயில் திரும்பும்போதே எங்களுக்கு மாடியில் கேட்டுவிடும்.

ஏகாம்பரம் வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்.

"இன்னா சார், எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்லீங்க, யூனிவர்சிட்டி. சமூக உளவியல்ல ஆராய்ச்சி பண்றேன்."

"அப்டின்னா?"

"நாலு பேர் சேர்ந்தா எப்படி ஒரு முடிவுக்கு வர்றாங்க, அரசியல் பத்தி ஒருத்தருக்குக் கருத்து எங்கேருந்து வருது, பக்கத்துல ஆள் இருந்தா அது எப்படி மாறுது, இதையெல்லாம் படிக்கிறேன்."

ஏகாம்பரம் கொஞ்ச நேரம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கு சார் படிப்பு? எங்க வூட்ல நானு, என் பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க. நாலு பேரும் குந்திக்கினு பேசுவோம். அப்பால என் பொண்டாட்டி இன்னா சொல்லுதோ அதான் முடிவு. எழுதிக்கோ, முடிஞ்சிது உன் படிப்பு."

கருத்து சார் நிஜமாகவே எழுதிக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் அதுவும் ஒரு கருத்தாகிவிடும் அல்லவா.

மனிதர் எதற்கும் பிடிகொடுக்க மாட்டார். "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி இல்ல சார்?" என்றால், "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்பார். "தலைவலிக்குது சார், மாத்திரை போடவா?" என்றால், "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்பார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏன் சார், வாயத் தொறந்து ஒண்ணு சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டுவிட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகப் பதில் சொன்னார்.

"நான் ஒரு கருத்து சொன்னேன்னு வைங்க, கேக்கறவங்க கருத்து லேசா என் பக்கம் சாஞ்சிடும். அப்புறம் நான் எழுதிக்கிறது அவங்க கருத்தா இருக்காது, என் கருத்தாத்தான் இருக்கும். அதுக்கு நான் என் வீட்லயே உக்காந்து எழுதிடலாமே."

நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தைச் சலூன் வரைக்கும் கொண்டு போயிருக்க வேண்டாம். "மீசைய எடுக்கவா, வைக்கவா சார்?" என்று கேட்ட சலூன்காரரிடமும் இவர், "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். சலூன்காரருக்குத் தொழிலில் அப்படி ஒரு சுதந்திரம் அதுவரை கிடைத்ததில்லை. சார் விடுதிக்குத் திரும்பி வந்தபோது மூக்குக்குக் கீழே இரண்டு எறும்பு எதிரும் புதிருமாக நிற்கிற மாதிரி ஒரு மீசை இருந்தது. அதையும் அவர் குறை சொல்லவில்லை. அது வளர்ந்து மனித மீசையாகும் வரை நாங்கள்தான் அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் தவித்தோம்.

இன்னொரு முறை, கிருத்திகைக்குக் கையில் பால்குடத்தோடு பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு அம்மா, "ஏம்பா, இந்த பஸ்ஸு வல்லக்கோட்டை போவுமா?" என்று அவரைக் கேட்டிருக்கிறார். "போகும்னு நீங்க நெனைக்கிறதுக்கு என்னம்மா காரணம்?" என்று இவர் ஆரம்பிக்க, அந்த அம்மா காரணம் யோசிப்பதற்குள் பஸ் வல்லக்கோட்டைக்குப் போய்விட்டது. கடைசியில் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய் முருகன் கோயில் வாசலில் இறக்கிவிட்டு வந்தார். வழியெல்லாம் அந்த அம்மா திட்டிக்கொண்டே போனதாகவும், அதில் பல நல்ல கருத்துகள் இருந்ததாகவும் என்னிடம் சொன்னார்.

அவருடைய ஆராய்ச்சிக்கூடம் ஹைவேயோரத்து டீக்கடை. அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு மேலே 'தயவுசெய்து அரசியல் பேசாதீர்' என்று ஒரு போர்டு தொங்கும். அந்த போர்டுக்குக் கீழே அரசியலைத் தவிர வேறு எதுவும் யாரும் பேசியதில்லை. கருத்து சார் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். டீ சொல்லும்போதும் தான் முதலில் சொன்னால் மற்றவர்கள் மனம் மாறிவிடும் என்று எல்லாரும் சொல்லி முடிக்கக் காத்திருப்பார். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சார் காத்துக்கொண்டே இருப்பார். பல நாள் டீ குடிக்காமலேயே எழுந்து வந்திருக்கிறார்.

கூட்டத்தில் கேட்டதையே அப்புறம் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கேட்பார். அங்கே சொன்னதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் மாதிரி ஒரு வாக்குக் கொடுப்பார். அந்த வாக்கில் மனிதர் இரும்பு. எங்கள் விடுதியில் ஒரே அறையில் ஒரு மாமனும் மச்சானும் இருந்தார்கள். இருவரும் ஒரே கட்சி, ஒரே துண்டு, ஒரே கோஷம். தேர்தல் வந்தால் ஒரே ஆட்டோவில் போவார்கள். சாருடைய அறைக்குப் போய் வந்த பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சில நாள் சுற்றினார்கள். பிறகு ஒரு நாள் மச்சானே போட்டு உடைத்தான்.

"மாமா, எனக்கு அந்தக் கட்சி பிடிக்கவே பிடிக்காது. உங்களுக்காகத்தான் துண்டு போட்டேன்."

மாமன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அட கிறுக்குப்பயலே, நான் உனக்காகல்ல போட்டேன்!"

இத்தனை வருஷம் இரண்டு பேரும் கையைத் தட்டியது எந்தக் கட்சிக்கு என்று இருவருக்குமே தெரியவில்லை. எல்லாரும் சாரைப் பார்த்தோம். அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி சரோஜாக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதியின் கீழ்த்தளத்தில் எங்களுக்கு மெஸ் நடத்தியவர். ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமம். உழுத நிலம் கைவிட்டுப் போன பிறகு, அண்டாவும் தேக்சாவும் ஒவ்வொன்றாகச் சேர்த்து இந்த மெஸ்ஸைத் தொடங்கியிருந்தார். மகளைக் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் சேர்த்திருந்தார். மெஸ்தான் அவருக்கு எல்லாமே.

எங்கள் விடுதியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் கை கழுவக் கூடாது. சாம்பார் ஊற்றினால் ஒருவன், "செம்பரம்பாக்கம் ஏரியத் தொறந்துட்டாங்கடோய்!" என்று கத்துவான். சோறு வைத்தால் இன்னொருவன், "இத வச்சுக் காம்பவுண்டு சுவரே கட்டலாம்" என்பான். சொல்லிக்கொண்டே மூன்றாம் முறை தட்டை நீட்டுவான். வீட்டுச் சாப்பாட்டை விட்டு வந்தவன் மெஸ் சாப்பாட்டைப் பாராட்டினால் பெற்ற தாய்க்குத் துரோகம் செய்தவன் மாதிரி. ஒரு அப்பாவி, வந்த புதிதில், "குழம்பு நல்லாருக்குண்ணே" என்று சொல்லிவிட்டான். அவனை வேலை மாற்றிக்கொண்டு போகிற வரை 'அக்கா வீட்டு மருமகன்' என்றே கூப்பிட்டோம். அதற்குப் பிறகு யாருக்கு நாக்கு எழும்?

சரோஜாக்கா எங்கள் கிண்டலுக்கெல்லாம் சரிக்குச் சரி பதில் கொடுப்பார். அவரால் தாங்க முடியாதது கருத்து சாரைத்தான்.

"இன்னா சார், துன்னுட்டுத் துன்னுட்டு எழுந்து போய்க்கினே கீற? நல்லா கீதா, இல்லியா? ஒரு வார்த்த சொன்னா வாய்ல கீற முத்து கொட்டிப் பூடுமா?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்கக்கா?"

"தோ பார்றா, ஆக்கிப் போட்டவளையே கேக்குது!" என்று அக்கா கரண்டியால் தலையில் அடித்துக்கொள்வார். அது தினமும் நடக்கிற பூஜை.

என் முறை வந்தபோது சார் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். அரசியல் கேட்பதற்கு முன்னால் ஆளைப் பேச வைக்க ஒரு சும்மா கேள்வி வைத்திருந்தார். மெஸ் சாப்பாடு உங்களுக்கு எப்படி, மற்றவர்களுக்கு எப்படி என்று நினைக்கிறீர்கள்? நான் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"சார், வெளிய சொல்லிராதீங்க. எனக்கு ரொம்பப் பிடிக்கும். வத்தக்குழம்பு வைக்கிற அன்னைக்கு ஓ.டி.ய விட்டுட்டு ஓடி வந்துருவேன். ஆனா மத்தவங்க எல்லாம் கடுப்புல இருக்காங்க சார். பாவம் அக்கா."

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்து என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் தண்டபாணி அண்ணன் ஒரு யோசனையோடு வந்தார். தேனிக்காரர், ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். தினமும் ஷிப்ட் தொடங்கும்போது பத்திருபது பேரை நிற்கவைத்து, "இன்னைக்கு டார்கெட் இது, ஓகேவா?" என்று கேட்டு, "ஓகேண்ணே!" என்று பதில் வாங்கிப் பழகியவர். விடுதியிலும் அவர் 'ஓகேவா' என்றால் எங்கள் வாய் தானாக 'ஓகேண்ணே' என்றுவிடும். கெட்டவர் இல்லை. ரொம்ப நல்லவர், அதுதான் சிக்கல்.

"ஏப்பா, தெனமும் எல்லாரும் சாப்பாட்டப் பத்திப் பொலம்புறீங்க. நானும் எத்தன நாளைக்குக் கேட்டுக்கிட்டே இருக்குறது? ஒரு கேட்டரிங்காரன் வேன்ல கொண்டாந்து எறக்குறேங்குறான். வாரத்துல ஒரு நா ஃப்ரைடு ரைஸ். ஞாயித்துக்கெழம மொட்டமாடில கூடுவோம். கை தூக்கி முடிவு பண்ணிருவோம். ஓகேவா?"

"ஓகேண்ணே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது எனக்கு உறைத்தது. சுற்றிப் பார்த்தேன். எல்லார் முகமும் தீர்மானமாக இருந்தது. என் முகமும் அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஏகாம்பரத்திடம் கேட்டதற்கு, "பசங்க இன்னா சொல்றாங்களோ அதான். துன்றவன் அவன்" என்று ஒதுங்கிக்கொண்டார். விஷயம் அக்காவின் காதுக்கும் போனது. அக்கா சத்தம் போடவில்லை. "பேக்டரில ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் கூப்பிட்டுக்கினுதான் கீறாங்க. போனாப் போவுது. பெருக்கறதும் வேலதான். ஆனா இந்தக் கை கரண்டி புடிச்சிப் பழகிப்போச்சிப்பா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாம்பார் ஊற்றியபோது யாரும் ஏரியைத் திறக்கவில்லை.

அந்த வாரம் கருத்து சார் படாத பாடு பட்டார். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொன்னால் கொடுத்த வாக்கு போகும். ஆய்வு செய்கிற இடத்தில் தலையிட்டால் ஆராய்ச்சியே போகும். எங்கள் விடுதிதான் அவர் ஆராய்ச்சியின் முக்கால் பங்கு. மொட்டைமாடித் தண்ணித்தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மோரை ரசத்தில் ஊற்றிச் சாப்பிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒரு சந்தேகம். ஒரு கூட்டம் தப்பான வழியில போகுதுன்னு வைங்க. அது தப்புன்னு ஒருத்தனுக்கு மட்டும் தெரியும். ஆனா அவன் வாயைத் திறக்கக் கூடாத இடத்துல இருக்கான். அவன் என்ன செய்யணும்?"

எத்தனை நாள் காத்திருந்தேன் இந்த வாய்ப்புக்கு! காலை நீட்டிப் படுத்துக்கொண்டு கேட்டேன்: "நீங்க என்ன சார் நெனைக்கிறீங்க?"

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கேள்வியை வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடமே ஒருவன் கேட்டிருக்கிறான் போல. மறுபடி தண்ணித்தொட்டியைச் சுற்றப் போய்விட்டார்.

ஞாயிறு காலை. மொட்டைமாடிக் கொடியில் காயும் லுங்கிகளுக்கு நடுவில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தன்னை நீக்குவதற்காகக் கூடிய கூட்டத்துக்குச் சரோஜாக்காவே தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். "ஆறிப்பூடும், குடிங்கப்பா" என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாராலும் நிமிர்ந்து பார்த்து வாங்கவும் முடியவில்லை. அக்கா இறங்கிப் போனார். இரண்டு படி இறங்கி அங்கேயே நின்றுவிட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். செருப்புச் சத்தம் அதற்கு மேல் போகவில்லை.

"மெஸ்ஸ மாத்தலாங்கிறவங்க கை தூக்குங்கப்பா" என்றார் தண்டபாணி அண்ணன்.

முதலில் ஒரு கையும் எழவில்லை. அண்ணன் சங்கடப்பட்டுத் தானே முதலில் தூக்கினார். அதைப் பார்த்து அவர் லைனில் வேலை செய்கிற ஒருவன் தூக்கினான். அவனைப் பார்த்து அவன் அறைக்காரன். பிறகு ஒவ்வொருவனும் பக்கத்தவனின் கையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினான். என் கை காது வரை போய் நின்றது. தலையைச் சொறிவதாகவும் வைத்துக்கொள்ளலாம், ஓட்டுப் போடுவதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

அப்போது தண்ணித்தொட்டிப் பக்கமிருந்து, "ஒரு நிமிஷம்" என்று குரல் கேட்டது. கருத்து சார் எழுந்து நின்றார்.

"என்ன சார், கருத்து எதுவும் சொல்லப் போறீங்களா?" அண்ணன் நம்ப முடியாமல் கேட்டார்.

"கருத்து இல்லீங்க. ஒரு வழிமுறைதான். யார் என்ன போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாம ஓட்டுப் போட்டா என்ன?"

"சீட்டுல எழுதவா? எல்லாவன் கையெழுத்தும் எல்லாவனுக்கும் தெரியுமே."

சார் கீழே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஏகாம்பரத்தின் பெயின்ட் டப்பா. ஆளுக்கு ஒரு போல்ட்டு, ஒரு நட்டு. தொட்டிக்குப் பின்னால் துண்டால் மூடிய ஒரு தேக்சாவும் ஒரு வாளியும் இருக்கும். அக்காவே இருக்கட்டும் என்றால் தேக்சாவில் போல்ட்டு. மாற்ற வேண்டும் என்றால் நட்டு. கையில் மிஞ்சியது வாளிக்குள். பின்னாலேயே ஏறி வந்த ஏகாம்பரம், "நம்ம பக்கத்து உத்திரமேரூர்ல அந்தக் காலத்துலயே கொடத்துல ஓலைய போட்டுத்தான் ஆள் எடுத்தாங்க, தெரிஞ்சிக்கோ" என்று தானே கண்டுபிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

உடனே என் அறைக்காரன் குமரேசன் ஆட்சேபம் எழுப்பினான். கோவில்பட்டிக்காரன். தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்து இருந்து, தட்டில் இட்லி வந்தாலும் தட்டிப் பார்த்துத்தான் சாப்பிடுவான்.

"செல்லாது சார். டிங்குன்னா நட்டு, டொங்குன்னா போல்ட்டு. சத்தத்த வச்சே எவன் எதப் போட்டாம்னு நான் சொல்லிருவேன்."

"அப்படியா!" சார் மறுபடி கீழே ஓடினார். தன் லுங்கியையும் ஒரு துண்டையும் கொண்டுவந்து தேக்சாவின் அடியிலும் வாளியின் அடியிலும் மெத்தை போல விரித்தார். இந்த முறை திரும்பி வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. லுங்கி தேடினார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம்.

ஒவ்வொருவராகத் தொட்டிக்குப் பின்னால் போய் வந்தோம். போகும்போது கல்யாண வீட்டுக்குப் போகிற முகம், வரும்போது ஒன்றும் தெரியாத முகம். கடைசியில் சார் தேக்சாவை எடுத்துவந்து நடுவில் கவிழ்த்தார்.

போல்ட்டு, போல்ட்டு, போல்ட்டு. லுங்கி முழுக்கப் போல்ட்டாகக் கொட்டியது. கோரிக் கோரிப் பார்த்தும் நட்டு என்று தனியாக ஒன்று கூட அகப்படவில்லை. ஒரே ஒருவன் மட்டும் போல்ட்டில் நட்டை மாட்டி, கை வலிக்க முடுக்கிப் போட்டிருந்தான். அவனால் முடிவெடுக்க முடியவில்லை.

ஒவ்வொருவனும் மற்றவனை, 'அடப்பாவி, நீயுமா?' என்று பார்த்தான். எல்லாரும் தண்டபாணி அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் காலிக் கிளாஸில் இல்லாத டீயைக் குடித்தார்.

"எனக்கென்னப்பா தெரியும்? நீங்கதானே தெனமும் கத்துனீங்க. நான் உங்களுக்காகப் பேசுனேன். எனக்கு அக்கா சோறு இல்லாட்டித் தூக்கமே வராதுப்பா."

மாடியே அதிரும்படி சிரித்தோம். படிக்கட்டுப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு, "டேய், கிளாஸ எல்லாம் கொண்டாந்து போடுங்கடா, கழுவணும்!" என்று அக்காவின் குரல் எப்போதும் போல ஓங்கி வந்தது.

குமரேசன் மட்டும் சிரிக்காமல் குத்தவைத்து உட்கார்ந்து ஓட்டுகளைப் பரிசோதித்துக்கொண்டிருந்தான். "இதுல மரை போயிருக்கு, ரிஜெக்ட். இது வளஞ்சிருக்கு, ரிஜெக்ட்" என்று ஜெயித்த ஓட்டுகளையே கழித்துக்கொண்டிருந்தான். திடீரென்று நிமிர்ந்தான்.

"அண்ணாச்சி, கணக்கு இடிக்கி. ஓட்டுப் போட்ட ஆளவிட ஒரு போல்ட்டு கூட இருக்கு."

"கள்ள ஓட்டாப்பா?" என்று அண்ணன் பதறினார்.

குமரேசன் அந்தக் கூடுதல் போல்ட்டை எடுத்து வெயிலில் காட்டினான். எங்கள் கட்டில் போல்ட்டு எல்லாம் வெள்ளையாக, விரல் தடிமன் இருக்கும். இது சின்னது. கறுத்து, துருப்பிடித்து, ரோட்டுப் புழுதியும் ஆயிலும் அப்பி, மரை பாதி தேய்ந்து கிடந்தது. குமரேசன் அதைப் பார்த்தான். பிறகு கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் கீழே எட்டிப் பார்த்தான். நானும் போய் எட்டிப் பார்த்தேன். கீழே கருத்து சாரின் மொபெட் நின்றது. நம்பர் பிளேட் ஒரு பக்கத்துப் போல்ட்டு இல்லாமல் செங்குத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டிருந்தால் இவ்வளவு பளிச்சென்று தெரிந்திருக்காது. அது விடுதிக்காரர்களின் ஓட்டு, தனக்கு அதில் உரிமை இல்லை என்று நினைத்திருப்பார். சொந்த ஓட்டைச் சொந்த வண்டியிலிருந்தே கழற்றியிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தோம். சார் தன் லுங்கியை உதறி மடித்துக்கொண்டிருந்தார், மிகவும் கவனமாக.

வாழ்நாளில் ஒரு உருப்படியைக் கூட முதல் பார்வையில் ஒத்துக்கொள்ளாத குமரேசன், அந்தத் தேய்ந்துபோன போல்ட்டை மற்ற போல்ட்டுகளோடு சேர்த்து வைத்தான்.

"இது பாஸ்" என்றான்.

ஒரு வாரத்தில் சார் மூட்டை கட்டிவிட்டார். ஒரகடத்தில் வேறொரு விடுதியில் இடம் பார்த்திருப்பதாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. "இங்க செஞ்ச வேலை என்னாச்சு சார்?" என்று கேட்டேன்.

"அதை இனிமே பயன்படுத்த முடியாது. நானே உள்ள பூந்துட்டேன். எங்க புரொபசர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டேன். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"இத்தன நாள் பாடும் வீணா? வருத்தமா இல்லையா சார்?"

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றார். ஆனால் இந்த முறை சிரித்துவிட்டார். அவருடைய பல்வரிசையை அன்றுதான் பார்த்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருடைய ஓட்டு தேவையே இல்லை. அத்தனை பேரும் போல்ட்டு போட்டிருந்தோம். மூடிய கதவுக்குப் பின்னால் நாங்கள் சொன்னதை வைத்து அது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும், கூட்டத்தில் மறுபடி மாறிவிட்டால் என்ன செய்வது என்று பயந்திருப்பார். எங்களைப் பற்றி அவருக்கு இருந்த கருத்து அது. தப்பென்று சொல்ல முடியாது.

கிளம்பும்போது சரோஜாக்கா மொபெட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, தொங்கிய நம்பர் பிளேட்டைச் சாக்குச் சரட்டால் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இப்பவாச்சும் சொல்லு சார். என் சாம்பார் எப்டி?"

சார் வண்டியை மிதித்தார். "நீங்க என்ன நெனைக்கிறீங்கக்கா?"

"எனக்குத் தெரியும் சார். பத்திரமாப் போய் வா" என்றார் அக்கா.

மொபெட் ஹைவேயில் திரும்பியது. கடகடச் சத்தம் இல்லாததால் அவர் போனதே பல பேருக்குத் தெரியாமல் போனது. அன்று மத்தியானம் சாம்பார் ஊற்றியபோது தண்டபாணி அண்ணன் வழக்கம்போல், "ஏரியத் தொறந்துட்டாங்கப்பா!" என்று கத்தினார். கத்திவிட்டு, "நல்லாருக்குக்கா" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். யாரும் அவரை மருமகன் என்று கூப்பிடவில்லை.

இப்போது நான் ஒரு பத்திரிகையில் வாராவாரம் எல்லாவற்றைப் பற்றியும் கருத்து எழுதிப் பிழைக்கிறேன். எழுதி முடித்தபின், இது என் கருத்தா, பக்கத்தவன் கையைப் பார்த்துத் தூக்கிய கையா என்று ஒரு சந்தேகம் வரும். பல வாரம் விடை தெரியாது. ஆனால் கருத்து சாரைப் போல ஒரு நல்ல மனிதரைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று யாராவது கேட்டால், எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காமல் முதல் ஆளாக நான் கை தூக்குவேன்.